அலைக்குக் காய்ச்சிய வச்சிரம்

தன்லியின்
2025 ஏப்ரல் 22

மா ஃபக்ருன்னிசா அக்காவுக்கு,

நான் அனு. போன வாரம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவள். ஐந்து மாடி ஏறி வந்தேன். கதவைத் திறக்காமலே, "யாருன்னு தெரியும், கீழே இறங்கு" என்றீர்கள். இறங்கிவிட்டேன். நீங்கள் கணவருக்காக இத்தா இருக்கிறீர்கள், நான்கு மாதம் பத்து நாள் வெளியே வர மாட்டீர்கள், என் போனையும் எடுக்க மாட்டீர்கள் என்று யாசர் சொன்னார். எழுதிக் கொடுத்தால் தெருவுக்குத் தொங்கும் உங்கள் பால்கனிக் கயிற்றில் மாட்டிவிடுகிறேன் என்றார். உங்கள் வீட்டுக்காரர் கோ ஷாஹுலின் தம்பியான யாசர் தினமும் பாலம் தாண்டி எங்கள் ஊர்க் கிடங்குக்கு வேலைக்கு வருவது எனக்கு உதவியாகிவிட்டது.

என் தமிழ் சின்னது. அப்பா தமிழ், அம்மா பர்மா. கோயில் பள்ளியில் நான்கு வருடம் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோ ஷாஹுல் மண்டலேக்கு, படத்தில் ஒட்டும் மெல்லிய தங்க ரேக்கு வாங்கப் போனார். பூகம்பம் வந்தபோது பள்ளிவாசலில் ஜும்மா தொழுகையில் இருந்தார். திரும்பவில்லை. அந்த ரேக்கு எங்கள் வேலைக்குத்தான். அதை நான் மறைக்கவில்லை.

எங்கள் வேலை ஒரு ஜப்பான் மடிப்புத் திரை. என் உயரத்துக்கு ஆறு பலகை, சுவர் மாதிரி நிற்கும், புத்தகம் மாதிரி மடங்கும். தங்க நிறத்துக்கு மேலே கடல் அலை மட்டும். படகு இல்லை, கரை இல்லை, மனிதர் இல்லை. உங்கள் ஊர் யாங்கோனில் திறக்கப்போகும் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்காக அதை வரைந்தோம். ஐந்து பலகை முடிந்தது. ஆறாவது பாதியில் நிற்கிறது.

நுரையின் வெள்ளை, சிப்பியை அரைத்த மாவு. அதைப் பசையில் குழைத்துத்தான் வைக்க வேண்டும். அந்தப் பசையை எப்போதும் கோ ஷாஹுல்தான் கொண்டுவருவார். தேன் நிறத்தில், காய்ந்த வில்லையாக, ஒரு பிஸ்கட் டப்பாவில். என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. வீட்டில் மீதி இருந்தால் யாசரிடம் கொடுத்து அனுப்புவீர்களா?

உங்கள் துக்கத்தில் இதைக் கேட்பது வெட்கமாக இருக்கிறது. கோ ஷாஹுல் தொடங்கியது பாதியில் நிற்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

அனு


ரங்கூன்
2025 ஏப்ரல் 29

அனுவுக்கு,

என்னை அக்கான்னு எழுதாதே. உனக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்ல.

நான் அஞ்சாவது வரைதான் படிச்சேன். உன்னை மாதிரி அழகா வரி வரியா எழுத வராது. ஆனா எண்ணத் தெரியும். ஒரு தாள்ல என் மச்சான் பேரை நாலு தடவை எழுதியிருக்க. நான் கட்டிக்கிட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட அந்தப் பேரை வாயால சொன்னதில்ல. மச்சான்னுதான் கூப்பிடுவேன். அடுத்தவங்ககிட்ட சொல்லணும்னா அவங்கன்னு சொல்லுவேன். மவுத்தானப்ப ஆபீஸ்லேருந்து வந்து பேர் கேட்டாங்க. அப்பக்கூட யாசர்தான் சொன்னான். நீ என்னடான்னா பர்மா மரியாதைக்குக் கோ போட்டு, கோ போட்டு, எழுதிக்கிட்டே போற.

பதினாலு மாசம். காலையில டிபன் கேரியரைத் தூக்கிட்டுப் போனா சாயங்காலம் அஸர் தொழுகைக்குத்தான் வருவாங்க. எங்க வேலைன்னு கேட்டா, தன்லியின்ல ஒரு கம்பெனிக்குப் பெரிய போர்டுன்னு சொன்னாங்க. போர்டு எழுதுறது அவங்க தொழில். பர்மா எழுத்து, தமிழ், அரபி, எதை எழுதினாலும் தெருவே நின்னு பாக்கும். அதனால நம்பினேன். என்ன போர்டு இது, பதினாலு மாசமான்னு ஒருநாள் கேட்டேன். "பெரிய கம்பெனி, பேர் நீளம்"னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உன்னைப் பத்தி மவுத்துக்கு அப்புறம் யாசர் சொல்லித்தான் தெரியும். அதை நினைச்சா இப்ப எனக்கு வயிறு எரியுது.

நகத்துல நீலம் ஏறி இருக்கும். என்ன தேச்சாலும் போகாது. மண்டலேயில யாசர் போய்த் தேடினப்ப முகத்தைப் பாத்து அடையாளம் சொல்ல முடியலையாம். விரலைப் பாத்துத்தான், இதுதான் காக்கான்னு, அண்ணனைக் கண்டுபிடிச்சானாம். இருபத்தாறு வருஷம் சோறு போட்டவ நான். அவங்க உடம்புல கடைசியா அடையாளமா நின்னது உன் வீட்டு நீலம். எனக்கு முகமும் காட்டல. அங்கேயே அடக்கிட்டாங்க.

பசை கேக்குற. அதுக்குப் பேர் வச்சிரம். அதைக் காய்ச்சினது யாருன்னு நினைச்ச? நான்தான். பக்ரீத் குர்பானி மாட்டுத் தோல் துண்டை வாங்கிட்டு வந்து போடுவாங்க. சுண்ணாம்புத் தண்ணியில ஊற வச்சு, மயிரைச் சுரண்டி, அலசி அலசி, நாள் முழுக்க அடுப்பைச் சின்னதா வச்சுக் காய்ச்சணும். கொதிக்க விட்டா ஒட்டுற சத்து செத்துப்போயிடும். அந்த நாத்தத்துக்கு எதிர்வீட்டுப் பர்மாக்காரி தோ கின் எத்தனை நாள் சண்டைக்கு வந்தா தெரியுமா? போர்டுக்குத்தான்னு நினைச்சு மூக்கைப் பொத்திக்கிட்டுக் காய்ச்சினேன்.

டப்பாவுல ஒன்பது வில்லை இருக்கு. தர மாட்டேன்.

ஃபக்ருன்னிசா


தன்லியின்
2025 மே 8

உங்களுக்கு,

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவர் பெயரையும் எழுதவில்லை.

பசையை நீங்கள் காய்ச்சினீர்கள் என்பது எனக்குத் தெரியாது. "நானே காய்ச்சினேன், எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்பார். நான் நன்றாக இருக்கிறது என்பேன். சத்தியமாக அவ்வளவுதான் தெரியும்.

அவர் இங்கே வந்த கதையைச் சொல்கிறேன். நான் ஒரு ஜப்பான் அம்மாவிடம் ஆறு வருடம் இந்த வேலை கற்றேன். அந்த அம்மா ஊருக்குத் திரும்பும்போது தூரிகைகளை எனக்கு விட்டுப் போனார். சாப்பாட்டுக் கடைக்காரருக்குப் பெயர்ப் பலகை எழுத வந்தவர் உங்கள் வீட்டுக்காரர். நீளமான கோட்டை மூச்சு விடாமல் இழுப்பதைக் கடைக்காரர் பார்த்தார். "திரையை நீ தனியாக முடிக்க மாட்டாய், இவரைச் சேர்த்துக்கொள்" என்றார். அவர் வந்தார். நான் கற்றுக்கொடுத்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் வேலை. என் அம்மா எப்போதும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

உங்களிடம் ஏன் போர்டு என்று சொன்னார், எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திரையைப் போட்டோ எடுத்து, கடையில் கழுவி அனுப்புகிறேன். பலகைக்கு ஒரு போட்டோ, ஆறு. பின்னால் எண் போட்டிருக்கிறேன். வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் பார்க்க வேண்டும். ஜப்பானில் அப்படித்தான். எது அவர் கை என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அனு


ரங்கூன்
2025 மே 23

அனுவுக்கு,

போட்டோ வந்துச்சு. மூணு நாள் தொடல. நாலாவது நாள் தரையில வரிசையா அடுக்கினேன். வலதுலேருந்து பாக்கணும்னு நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். குர்ஆன் ஓதுறவளுக்கு அது தெரியும்.

கரண்டு போன நேரமெல்லாம் ஜன்னல்கிட்ட வச்சுப் பாத்தேன். பத்து நாளா இதே வேலை. இத்தாவுல வேற என்ன வேலை? வர்ற பொம்பளைங்க "என்ன படம் இது, கடலா?"ன்னு கேட்டாங்க. மச்சான் வரைஞ்சதுன்னு சொன்னேன். ஃபக்ருன்னிசா புருஷன் இவ்வளவு பெரிய ஓவியரான்னு ஆச்சரியப்பட்டாங்க. எனக்குப் பெருமையாவும் இருந்துச்சு, கேவலமாவும் இருந்துச்சு. எனக்கே தெரியாததை அவங்ககிட்ட தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.

கண்டுபிடிச்சுட்டேன். நாலாம் நம்பர். பெரிய அலை ஒண்ணு மேலே எழும்பி, தலை குனிஞ்சு, நுனியில உருண்டு நிக்குதே, அதுதான் அவங்க கை. பர்மா எழுத்து உருட்டுற கை அது. எங்க தெரு முனை டீக்கடை போர்டுல அதே உருட்டு இருக்கு. போய் வேணா பாத்துக்க. அந்த அலையைப் பாத்ததும் மச்சான் முதுகு வளைஞ்சு நின்னு எழுதுற மாதிரியே இருந்துச்சு. போட்டோவை மடியில வச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன்.

ஒரு முடிவு சொல்றேன். அந்த நாலாம் பலகையை மட்டும் அறுத்து எனக்குக் கொடு. மத்த அஞ்சும் உனக்கு. ஒன்பது வில்லை வச்சிரமும் அன்னைக்கே கயித்துல இறங்கும். அவங்க நாள் எல்லாம் உங்கிட்ட, கை உங்கிட்ட, கடைசி நீலம்கூட உன்னோடது. எனக்கு ஒரு பலகை கேட்டா அதிகமா?

ஃபக்ருன்னிசா


தன்லியின்
2025 ஜூன் 2

உங்களுக்கு,

அறுக்க முடியாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இரும்புக் கீல் இல்லை, காகிதக் கீல். ஒரு துண்டு முன்னாலிருந்து பின்னால் போகும், அடுத்தது பின்னாலிருந்து முன்னால் வரும். அப்படித்தான் இரண்டு பக்கமும் மடங்குகிறது. அலையும் மூன்றில் தொடங்கி நான்கில் எழுந்து ஐந்தில் விழுகிறது. நான்கை மட்டும் எடுத்தால் அது அலை இல்லை.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று ஐந்து நாள் யோசித்தேன். நாலாம் பலகை என் கை.

அதில் அவர் தூரிகை வைக்கவே இல்லை. என் கையும் பர்மா எழுத்து எழுதிய கைதான். அவருடைய அலைகள் ஒன்றிலும் இரண்டிலும் கீழே இருக்கின்றன. விறைப்பாக இருக்கும். போர்டு எழுத்தின் உருட்டு வரக் கூடாது என்று கையை இறுக்கி இறுக்கி வரைந்தார். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். நீங்கள் மடியில் வைத்துத் தூங்கியிருப்பீர்கள். ஆனால் என் அலையை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே வாசலோடு துரத்துகிறீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியுமோ என்னவோ. எங்கள் அம்மா மோஹிங்கா, மீன் நூடுல்ஸ், வைத்தால்கூட ஒரு வாய் சாப்பிட மாட்டார். உங்கள் டிபன் கேரியரைத் திறப்பார், முகம் மாறும். மூன்றரை மணி ஆனால் தூரிகையைக் கழுவிவிடுவார். ஒரு கோடு பாதியில் இருந்தாலும் கழுவிவிடுவார். "இன்னும் பத்து நிமிடம்" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் இருக்க மாட்டார் என்று தெரியும்.

அவர் போன பிறகு உங்களுக்கு வெள்ளைத் துணி இருக்கிறது. நான்கு மாதம் பத்து நாள் இருக்கிறது. பெண்கள் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். எனக்கு மறுநாள் காலை கடைக்காரர் போன் செய்து, "வேலை எப்போ முடியும்?" என்று கேட்டார். நீங்கள் இரண்டு மாதமாக என்மேல் பொறாமைப்படுகிறீர்கள். நான் பதினான்கு மாதம் உங்கள்மேல் பட்டேன்.

அனு


ரங்கூன்
2025 ஜூன் 4

அனு,

பிடிக்கும்னு எழுதிட்டல்ல. போதும்.

போட்டோ ஆறையும் இதோட வச்சிருக்கேன். எடுத்துக்க. வச்சிரம் இல்ல. இனிமே யாசர்கிட்ட எதையும் கொடுத்து அனுப்பாதே, கயித்தை மேலே இழுத்துட்டேன்.

ஃபக்ருன்னிசா


தன்லியின்
2025 ஜூலை 11

உங்களுக்கு,

கயிற்றில் மாட்ட முடியாது என்றால் கதவுக்குக் கீழே தள்ளிவிடச் சொல்லி யாசரிடம் கெஞ்சினேன். இது பசை கேட்கும் கடிதம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடையில் விற்கும் பசையை வாங்கி ஆறாம் பலகையில் நுரை வைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. மழைக்காற்று பட்டு, ஒரு வாரத்தில் வெள்ளை எல்லாம் மாவாக உதிர்ந்துவிட்டது. தரையைப் பெருக்கினால் முறத்தில் நுரை. மற்ற ஐந்திலும் ஒரு பொட்டு உதிரவில்லை. போன மழையையும் தாங்கியவை அவை. விரலால் தேய்த்துப் பார்த்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கடை திறக்கிறார்கள். அதற்குள் முடியாவிட்டால் திரை வேண்டாம், சுவருக்கு அச்சடித்த படம் ஒட்டிக்கொள்கிறோம் என்கிறார் கடைக்காரர். அப்படியானால் அது எங்கள் முன்னறையிலேயே மடிந்து கிடக்கும்.

ஐந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் கை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லவில்லை.

அனு


ரங்கூன்
2025 ஜூலை 26

அனுவுக்கு,

உன் கடிதத்தைக் கதவுக்கு அடியில தள்ளினான் யாசர். காலால ஒதுக்கிட்டேன். அன்னைக்கு அஸருக்கு அப்புறம்தான் எடுத்தேன்.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லல. இத்தாவுல இருக்கிற பொம்பளை மவுத்தான புருஷனைத் திட்டக் கூடாது. நான் திட்டிட்டேன். ஜன்னலைச் சாத்திட்டு நல்லாத் திட்டினேன்.

உங்கிட்ட என் கையை மறைச்சாங்க. எங்கிட்ட உன் கையை மறைச்சாங்க. ரெண்டு பேர் கையையும் தன் கைன்னு சொல்லிக்கிட்டாங்க. வச்சிரம் நானே காய்ச்சினேன்னு உங்கிட்ட பெருமை. போர்டு நானே எழுதுறேன்னு எங்கிட்ட பெருமை. உன்னைப் பத்திச் சொன்னா நான் சண்டை போடுவேன்னு பயந்திருப்பாங்க, சரி, போட்டுத்தான் இருப்பேன். ஆனா என்னைப் பத்தி உங்கிட்ட சொல்ல என்ன பயம்? பொண்டாட்டி நாள் முழுக்க அடுப்புல நின்னு தோல் காய்ச்சினான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துபோகுமா? நாலு மாசமா உன்மேல எரிஞ்சதுல பாதி அவங்கமேல எரிஞ்சிருக்கணும்.

அப்படித் திட்டினப்பறம்தான் அழுகை வந்துச்சு. அதுவரைக்கும் வரல. வந்தவங்க முன்னாடி அழுததெல்லாம் வேற.

பக்ரீத் பெருநாளைக்கு யாசர் கேக்காமலே குர்பானித் தோல் கொண்டாந்து வாசல்ல வச்சான். அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்த பழக்கம். எடுத்துப் போடான்னு கத்தினேன். போயிட்டான். நாத்தம் எடுக்குமேன்னு சுண்ணாம்புத் தண்ணியில போட்டேன். அப்புறம் கை சும்மா இருக்கல. காய்ச்சிட்டேன். மழையில காயாம, கரியடுப்புப் பக்கம் வச்சு ராவா பகலா திருப்பித் திருப்பிப் போட்டேன். இருபது வில்லை வந்திருக்கு. தோ கின் இந்தத் தடவை சண்டைக்கு வரல. கதவைத் திறந்து பாத்துட்டு மறுபடி சாத்திக்கிட்டா.

உங்கிட்ட அனுப்ப மாட்டேன். நீ கரைச்சா கொதிக்க விட்டுடுவ. ஆகஸ்ட் மூணோட இத்தா முடியுது. அஞ்சாம் தேதி நானே பஸ் ஏறி வர்றேன். நானே கரைச்சுத் தருவேன். உங்கூடப் பேச வரல, அதையும் சொல்லிட்டேன்.

ஃபக்ருன்னிசா


ரங்கூன்
2025 ஆகஸ்ட் 13

அனுவுக்கு,

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஆச்சு. ஆறு நாள் உன் வீட்ல உக்காந்து வச்சிரம் கரைச்சதுல கை இன்னும் பிசுபிசுக்குது. வெள்ளை நிக்குது, பாத்தியா? அது கடைப் பசையில நிக்காது.

அங்க வச்சு உங்கிட்ட சொல்லாததை இப்ப எழுதுறேன். முதல் நாள் நீ டீ போட உள்ளே போனப்ப ஒண்ணாம் பலகை முன்னாடி தரையில உக்காந்து கீழே பாத்தேன். அவங்க அலை. அனு, அது நல்லாவே இல்லை. விறைச்சு நிக்குது, தண்ணி மாதிரியே இல்ல. என் மச்சான் போர்டு எழுதினா தெருவே நிக்கும், இது என்னது? உன் அலைக்குப் பக்கத்துல அழுதுகிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. நீ நினைச்சிருந்தா ஒரு நாள்ல அதுக்குமேலே நீலத்தைப் பூசி உன் அலையைப் போட்டிருக்கலாம். ஏன் போடல? கேக்க நினைச்சேன், அதுக்குள்ள உன் அம்மா வந்துட்டாங்க. முக்காட்டை இழுத்துக்கிட்டு எழுந்துட்டேன்.

எல்லாத் தொழிலும் தெரிஞ்ச மனுசன்னுதான் எனக்குக் காட்டிக்கிட்டாங்க. தெரியாம முழிச்ச முகத்தை நீ பாத்திருக்க. நான் பாக்கல. எனக்கு எது வயித்தெரிச்சல்னு இப்பதான் புரியுது. உன் அழகும் இல்ல, உன் வீடும் இல்ல. அந்த முகம்.

அதனால இப்ப நான் கேக்குறேன். அடுத்த வேலை ஒண்ணு வந்திருக்கு, அதுக்கும் வச்சிரம் வேணும்னு சொன்னல்ல. ஒரு டப்பா வச்சிரத்துக்கு ஒரு மத்தியானம் எழுதி அனுப்பு. அன்னைக்கு அவங்க எங்க உக்காந்தாங்க, என்ன சொன்னாங்க, எதைக் கெடுத்தாங்க, எல்லாம் எழுது. அழகா எழுத வேண்டாம். கயித்தை இறக்கிட்டேன்.

ஃபக்ருன்னிசா


தன்லியின்
2025 ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

அப்படியே எழுதுகிறேன். திட்டினால் அடுத்த தடவை மாற்றிக்கொள்கிறேன்.

திரை கடைக்குப் போய்விட்டது. நான்கு பேர் தூக்கிப் போனார்கள். கையெழுத்து இடத்தில் அவர் பெயரையும் என் பெயரையும் வைத்தேன். உங்கள் பெயரையும் வைக்கவா என்று கேட்டபோது, "பசைக்கு எதுக்குடி பேர்?" என்றீர்கள். அந்த "டி" எனக்குப் பிடித்திருந்தது.

அவர் அலையை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அழிக்கத் தூரிகையில் நீலம் எடுத்தேன், ஏப்ரலில். வைக்க முடியவில்லை.

மத்தியானம். போன வருடம் ஜூலை. மழை. கரண்டு இல்லை. இரண்டாம் பலகையில் ஒரு அலை வரைந்தார். தள்ளி நின்று பார்த்தார். "என்ன அனு இது, புரோட்டாக் கடை போர்டு மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காது சிவந்துவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். ஒரு வாய் வைத்தார். பிறகு என் அம்மாவிடம் பர்மாவில் சொன்னார்: "உப்பு ஜாஸ்தி. வீட்ல கோவமா இருக்கா. இன்னைக்குச் சீக்கிரம் போகணும்." இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார். குடை எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான் அந்த மத்தியானம்.

எனக்கு நினைவிருக்கும் எல்லாவற்றையும் எழுதுவேன். ஒன்றைத் தவிர. அதில் தப்பாக எதுவும் இல்லை, என் அம்மாவும் அங்கே இருந்தார். ஆனால் அதை எழுத மாட்டேன். அது ஒன்று எனக்கு.

அனு


ரங்கூன்
2025 செப்டம்பர் 5

அனுவுக்கு,

வச்சிரம் அனுப்பியிருக்கேன், பதினோரு வில்லை. ஈரம் படாம வை. எறும்பு வரும், டப்பாவைத் தண்ணிக் கிண்ணத்துக்கு நடுவுல வை.

அன்னைக்கு உப்பு கூடினது கோவத்துல இல்ல. விடியக்காலம் கரண்டு இல்லாம இருட்டுல ரெண்டு தடவை போட்டுட்டேன். மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து, வாசல்ல நின்னு, "என்ன கோவம், சொல்லு"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கிறுக்கு பிடிச்சிருச்சான்னு கேட்டேன். தலையைத் துவட்டி விட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் முழுக்க வீட்லயே இருந்தாங்க. ஏன் வந்தாங்கன்னு ஒரு வருஷம் கழிச்சு நீ சொல்லித் தெரியுது.

நீ வச்சுக்கிட்ட அந்த ஒண்ணை நான் கேக்க மாட்டேன். நானும் எத்தனையோ வச்சிருக்கேன், உனக்குச் சொல்லப் போறதில்ல. வச்சுக்க. அது உனக்கே இருக்கட்டும்.

எந்த மாசம்னு மட்டும் எழுது.

ஃபக்ருன்னிசா